ஆறு போல்ட்டும் ஒரு ராகுகாலமும்

பிள்ளைகளே, நான் ஒருமுறை சூப்பை மலையில் கொட்டவைத்த கதையை உங்கள் அம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா. உண்மை அதைவிட மோசம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது சுவிஸில் எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி ரேட்டோ, வாகனம் திருத்தும் கொட்டகைக்கு ஆள் தேடினார். "யாழ்ப்பாணத்தில் நான் மெக்கானிக்" என்றேன். (சைக்கிள் செயின் கழன்றால் மாட்டுவேன். பிறகென்ன?)

ரேட்டோ ஒரு சோதனை வைத்தார். பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் செயின் கேஸ் வெடிப்பு விட்டிருந்தது. எஞ்சின் சுற்றுவதைச் செயின் வழியாகக் கீழே பனியில் உருளும் ரப்பர் பட்டிக்குக் கொடுக்கும் உலோகப் பெட்டி அது. உள்ளே எண்ணெய் நிற்கும். புதியதை ஒழுங்காகப் பூட்டினால் கோப்பைகளிடமிருந்து எனக்கு விடுதலை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மாற்றி, எண்ணெய் ஊற்றி, மூடியின் ஆறு போல்ட்டையும் விரலால் திருகி வைத்தேன். சரியான அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தமிடும் ஸ்பனரை எடுக்கப்போக, போன் அடித்தது. அம்மா.

"இஞ்சேருங்கோ, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் வண்டியை வெளியில எடுங்கோ."

"இன்னும் மூடி இறுக்கேல்லையப்பா."

"நல்ல நேரத்தில ஒருக்கா எடுத்து வைச்சிட்டு, பிறகு இறுக்குங்கோவன்!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. (அம்மாவில் பிழையில்லை. மூளை என்னிடமும் ஒன்று இருந்தது.) பத்து இருபத்தெட்டுக்கு வண்டியை வெளியே ஓட்டி நிறுத்தினேன்.

எங்கிருந்தோ ரேட்டோ வந்தார். "எல்லாம் இறுக்கியாயிற்றா?"

ராகுவை ஜெர்மன் மொழியில் எப்படி விளக்குவது? "யா, யா" என்றேன்.

மலை உணவகத்துக்கான சூப் குண்டானைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பறந்தார். வழியெல்லாம் எண்ணெய் கசிந்தது, பாதிச் சரிவில் மூடி கழன்றது, செயின் பாய்ந்தது, வண்டி நின்ற வேகத்தில் சூப்பும் இறங்கியது. ரேட்டோவுக்குக் காயமில்லை. அவர் நடந்தே திரும்பி வந்தார். வழிகாட்ட வெள்ளைப் பனியில் ஒரு கறுப்புக் கோடு, நேராக என் சப்பாத்து வரைக்கும்.

அவர் கத்தவில்லை. பனி அள்ளும் ஒரு சவளையும் வாளியையும் தந்தார். எண்ணெய் பட்ட பனி முழுவதையும் பின்னேரம் வரை அள்ளினேன். விருந்தினர் படம் எடுத்தார்கள். இது ஊர்ச் சடங்கோ என்று ஒரு பெண்மணி கேட்டாள். அதற்கும் "யா" என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் திரும்பவும் கோப்பைதான். அடுத்த பருவத்தில் ரேட்டோ என்னைக் கொட்டகைக்கு எடுத்தார், ஒரு தாளோடு. அதில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கோடு. இறுக்கியபின் நான் அதில் கையெழுத்திட வேண்டும்.

அம்மா அதை வீட்டுக்கும் சட்டமாக்கிவிட்டா. இன்றைக்கும் நான் ஊறுகாய்ப் போத்தலை மூடினால், மூத்தவள் பேனையோடு வந்து நிற்கிறாள்.

"அப்பா, கையெழுத்து!"

வைக்கிறேன். போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த பிறகு.