குண்டு இல்லை சேர், மீட்டர்

பிள்ளைகளே, இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதற்காக அவற்றை இணைத்துப் பூட்டிவிடக்கூடாது. (கலியாணத்துக்கும் இது சரி என்று உங்கள் அம்மா அடுப்படியில் இருந்து சொல்கிறா. எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன், எட்டிப் பார்க்கிறா, எழுதிவிட்டேன்.)

சண்டைக் காலத்தில் நான் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி மவ்ஜூத் நானா. மீன்பிடிப் படகுகளில் பூட்டுகிற பேசும் செட்டுகளைத் திருத்த எழுத்தில் அனுமதி வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். எனக்கும் ஒரு கடிதம் தந்திருந்தார்: 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்.' அந்த ஒரு வரிதான் நான் கொழும்பில் நிற்பதற்கான நியாயம். யாழ்ப்பாணத்துப் பெடியனைச் சோதனைச் சாவடியில் மறித்தால், "ஏன் வந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடிதம் இருந்தால் பஸ் ஏறலாம். இல்லாவிட்டால் ஜீப் ஏறலாம்.

அந்தக் கடிதத்தை நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன். "பேசுற செட்டு வேல தெரியுமா?" என்று நானா கேட்க, "எல்லாம் தெரியும்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது பின்மூடியைக் கழற்றுவது. திரும்ப மூடும்போது எப்படியும் ஒரு ஸ்குரூ ஆணி மிஞ்சும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்பு மீன் சந்தை முதலாளி ஒருவரின் படகுச் செட்டு வந்திருந்தது. படகில் இருந்து எவ்வளவு கத்தினாலும் கரையில் கேட்பதில்லை. செட்டு தன் அலைவரிசையை விட்டு விலகிவிட்டது. எவ்வளவு விலகியது என்று பார்க்க ஒரு பெட்டி உண்டு. செட்டு எந்த அலையில் பேசுகிறது என்று எண்ணிச் சிவப்பு இலக்கங்களில் காட்டும். நாங்கள் அதைக் கவுண்டர் என்போம். ஹெவ்லொக் டவுனில் இருந்த ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஐயா ஒருவர், தன் கவுண்டரை இரவல் தந்திருந்தார்.

"தம்பி, ஐயா மூணு மணிக்கு வாராரு. அவரே பூட்டிக் காட்டுவாரு. நான் ஜும்மாக்குப் போய்ட்டு வாரன். அது வரைக்கும் ஒண்டுலயும் கை வெக்க வாணாம்" என்று சொல்லிவிட்டு நானா போனார்.

ஐயா வந்தால் இரண்டு கேள்வி கேட்பார். என் 'எல்லாம் தெரியும்' அதோடு முடியும். வேலை முடியும், கடிதமும் முடியும். ஆகவே ஐயா வருமுன் நானே எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்பது என்று தீர்மானித்தேன்.

செட்டின் பின்னால் ஏரியல் வயர் பூட்டும் வாய் இருந்தது. கவுண்டரிலும் ஒரு வாய் இருந்தது. மேசை லாச்சிக்குள் இரண்டுக்கும் பொருந்தும் வயர் ஒன்று கிடந்தது. ஏரியலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு நுனியை அங்கே, மற்ற நுனியை இங்கே பூட்டினேன். கவுண்டரின் வாய்க்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. நல்ல சாமான் என்றால் அப்படி ஏதாவது எழுதத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டேன். செட்டு பேசாதபோது கவுண்டருக்கு எண்ண ஒன்றுமில்லை, அதனால் அது நினைத்ததை எண்ணும். எட்டுச் சிவப்பு இலக்கங்கள் தலைதெறிக்க ஓடின. மேசையில் ஒரு கார் பற்றறி, சுற்றிவர வயர்கள், சிவப்பாக எண்ணுகிற பெட்டி, அதற்கு முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன். வாசலில் நிற்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவேயில்லை.

"அண்ணை, எங்கட ரேடியோ..." என்று ஒரு பெண் குரல் கேட்டது. (ஓம், அப்போது அண்ணைதான்.)

வழக்கம்போல "நாளைக்கு வாங்கோ" என்று சொல்ல நிமிர்ந்தேன். வாசலில் ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் அவ திரும்பி வந்தா, முன்னால் ஒரு சார்ஜன்டும் ஒரு கான்ஸ்டபிளும்.

அவவிலும் பிழை சொல்ல முடியாது. "பாத்திட்டுப் பேசாமப் போய், அது வெடிச்சிருந்தா, கடைசியா உள்ளுக்குப் போன பெட்டை ஆரெண்டுதானே தேடியிருப்பாங்கள்?" என்று இன்றைக்கும் கேட்பா.

"மே மொகக்த?" என்றார் சார்ஜன்ட். இது என்ன?

"மீட்டர், சேர். குண்டு இல்லை சேர், மீட்டர்." (குண்டு என்று அவர் சொல்லவேயில்லை. அந்தச் சொல்லைக் கடைக்குள் கொண்டுவந்தது நான்தான்.)

"ஏன் எண்ணுது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சும்மா எண்ணுது, சேர்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"எண்ணி முடிஞ்சால்?"

"செய்து காட்டுறன், சேர்" என்று செட்டின் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன்.

டப்!

மணம் பிடித்தாலே போதும் என்றிருந்த கவுண்டருக்குள் செட்டின் முழுப் பலமும் இறங்கிவிட்டது. இலக்கங்கள் எட்டும் அணைந்தன. ஒரு சுருள் புகை எழுந்தது. சார்ஜன்ட் நிலத்தில் விழுந்து படுத்தார். கான்ஸ்டபிள் சார்ஜன்டின் மேல் படுத்தார். அவ படியில் குந்திக் காதைப் பொத்தினா. நான் மேசைக்குக் கீழே. அந்த நேரம் பார்த்துத் தொப்பியோடு வந்து சேர்ந்தார் நானா.

"யா அல்லாஹ், யாரு மௌத்து?"

ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் சார்ஜன்டுக்குக் கோபம் வந்தது. சுவரில் இருந்த அனுமதியைப் படித்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். கடிதத்தை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். வெளியே ஜீப் நின்றது.

பிறகு அவவிடம் திரும்பி, "இவனைத் தெரியுமா? குண்டு செய்யிறவனா?" என்றார்.

கொழும்பில் பிறந்தவ, நல்ல சிங்களம். "இவரோ, சேர்? மூண்டு கிழமையா எங்கட ரேடியோவைத் திருத்தத் தெரியாம வைச்சிருக்கிறார். இவரெங்க குண்டு செய்யிறது? மெயாட்ட பே, சேர்!"

இவரால ஏலாது, சேர்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். புகையும் கவுண்டரைப் பார்த்தார். மூலையில் குடல் வெளியே தொங்கக் கிடந்த அவவின் ரேடியோவையும், பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த ஆணிகளையும் பார்த்தார். சாட்சி பலமாக இருந்தது. சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

மூன்று மணிக்கு ஐயா வந்தார். கருகல் மணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "நேர பூட்டினீரோ?"

"ஓம், ஐயா."

"செட்டில அதை முட்ட விடக்கூடாது, தம்பி. ஏரியல் வயருக்குப் பக்கத்தில ரெண்டு சுத்து வயரைச் சும்மா வைச்சாலே போதும். அது தானா மோப்பம் பிடிக்கும்."

வேலை போய்விட்டது என்று நான் பையை எடுத்தேன். நானா விடவில்லை. "எங்க போறீங்க? ஒங்களால ஒண்டும் ஏலாதுண்டு இப்ப பொலிசுக்கே தெரியும். ஒங்கள விட சேஃபான ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?"

அவவின் ரேடியோவைத் திருத்த இன்னும் ஐந்து மாதம் எடுத்தேன். வீட்டுக்கே போய்ப் போய்த் திருத்தியதில், அண்ணையாய் இருந்தவன் அத்தானாகிவிட்டேன். ரேடியோ இன்றுவரை பாடவில்லை.

இப்போது நான் ஸ்குரூட்ரைவரைத் தொட்டாலே அம்மா அடுப்படியில் இருந்து "மெயாட்ட பே, சேர்!" என்கிறா. பெரியவன் மேசைக்குக் கீழே போகிறான். சின்னவள் காதைப் பொத்துகிறாள். சிரியுங்கோ, பரவாயில்லை. அந்த நாட்களில் எல்லாம் தெரிந்த எத்தனையோ பெடியள் ஜீப் ஏறினார்கள். ஏலாதவன் பஸ் ஏறி வீடு வந்தேன்.

ஆனால் நேற்று விசிறியைத் திருத்தும்போது மிஞ்சிய ஆணி மேசையில் இருக்கிறது. ஒருவரும் எறிய வேண்டாம். எங்கேயோ பொருந்தும்.