வீரபாகுவின் விபத்து நோட்டு

"எங்க இடிச்சிக்கின?"

"மேல் கட்டைலங்க," என்றான் குப்புராஜ், உச்சந்தலையில் புடைத்திருந்த வீக்கத்தைத் தடவியபடி.

"உக்காந்து நெய்யறவன் தலையில கட்டை எப்படி இடிக்கும்? கட்டை எறங்கி வந்துடுச்சா?"

குப்புராஜ் கட்டையை அண்ணாந்து பார்த்தான். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுவதாவது!

"இருக்கலாங்க."

'கட்டை இறங்கியது' என்று வீரபாகு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆரணியில் நெசவாளர் சங்கம் நடத்திய அந்தக் கொட்டகையில் பன்னிரண்டு குழித்தறிகள். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். மடிக்கு முன்னால் புடவை சுற்றும் மரம், தலைக்கு மேலே கட்டை, நடுவே மனுஷன். வீரபாகு சூப்பர்வைசராகி இரண்டு மாதம்தான். அதற்குள் ஐந்து பேருக்கு அடி. நல்ல மனுஷர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தன் ஆட்களுக்கு ஒரு சிராய்ப்பு என்றால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

சங்கச் செயலாளர் பரசுராமன் கூப்பிட்டு அனுப்பினார்.

"லோகநாதன் சூப்பர்வைசரா இருந்த ஏழு வருஷத்துல ஒருத்தனுக்கும் அடி இல்லையேப்பா?"

"அவரு எங்க சார் கொட்டகைக்குள்ள வந்தாரு? டீக்கடையே கதின்னு கெடந்தாரு. அடி பட்டிருக்கும், எழுதியிருக்க மாட்டாரு."

"என்னமோ போ. வெள்ளிக்கிழமை வேலூர்லேர்ந்து ஆபீசர் வராரு. அவரு கண்ணு முன்னாடி இன்னொருத்தன் வுழுந்தான்னு வச்சிக்கோ, கொட்டகைக்குப் பூட்டுதான். பன்னெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும், கூடவே நீயும்."

"காரணத்தைக் கண்டுபுடிக்காம வுட மாட்டேன் சார்!"

மறுநாளே ஆசாரியை வரவழைத்துக் கட்டைகளை அரை ஜாண் உயர்த்தினார். சரியாக இருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து பார்த்தார். மாலையில் மணவாளன் மிதியில் கால் சிக்கிக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் பிடிப்பு.

"புடிச்சிக்க ஒண்ணும் இல்லாததாலதான் வுழுந்தியா?"

"அப்படியும் இருக்கலாங்க."

ஒவ்வொரு தறிக்கும் ஒரு தாம்புக்கயிறு தொங்கியது. கயிறு கெட்டியாக இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் வந்து பார்த்தார். ஜெயச்சந்திரன் கயிற்றில் கை மாட்டி, ஊஞ்சலாடி, பக்கத்துத் தறிக்காரனின் மடியில் போய் விழுந்தான். கயிறுகளை அவிழ்த்துவிட்டுக் கட்டைகளில் சாக்கும் பஞ்சும் சுற்றினார். சுற்றிய கனத்தில் கட்டை முன்னைவிடத் தாழ்ந்துபோய், ஒரே நாளில் நாலு மண்டை.

"பேஜாராப் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் வீரபாகு. வீட்டில் மனைவி அபிதகுசாம்பாளிடம் புலம்பினார். "ஒண்ணே ஒண்ணு நல்லதுடி. எவன் வுழுந்தாலும் நான் அங்கயே இருக்கேன். ஓடிப்போய் ஜல்தியா தூக்கி வுட முடியுது."

"உங்களமாதிரி யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் அவள், வீக்கத்துக்குப் போட மஞ்சள் பத்து அரைத்துக்கொண்டே. இப்போதெல்லாம் கொட்டகைக்குத் தினமும் ஒரு கிண்ணம் பத்து போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. தன் செருப்புச் சத்தத்தில் நெய்கிறவர்களின் கவனம் சிதறுகிறதோ? செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பூனைபோல நுழைந்தார். நாலடி வைப்பதற்குள் மூன்று பேர் ஒன்றாக விழுந்தார்கள். அன்றைக்கு எட்டுத் தடவை போனார். நோட்டில் பக்கம் தீர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. யாரும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே வீரபாகு ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரும் வுழாதீங்கப்பா. உங்க புள்ளைங்க சோறு இதுல இருக்குது."

"சரிங்க," என்றார்கள் பன்னிரண்டு பேரும். மனதாரத்தான் சொன்னார்கள்.

பதினொரு மணிக்கு ஆபீசர் வந்தார். இடப்பக்கம் பரசுராமன், வலப்பக்கம் வீரபாகு. மூவரும் வாசல்படி தாண்டி உள்ளே கால் வைத்தார்கள்.

டமார், டமார், டமார் என்று முதல் தறியிலிருந்து கடைசித் தறி வரைக்கும் சத்தம் ஓடியது. பன்னிரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் சரிந்தார்கள். பரசுராமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வீரபாகுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அய்யோ, எல்லாம் செஞ்சி பாத்துட்டேன் சார்! என்ன காரணம்னே புரியல சார்!"

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த பாஞ்சாலை மட்டும்தான் அடிபடாமல் நின்றிருந்தாள்.

"என்னம்மா நடக்குது இங்க?"

பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பவ்வியமாகச் சொன்னாள்:

"கோச்சிக்காதீங்க ஐயா, பெரியவங்க உள்ள வந்தா எழுந்து நின்னுதானே கும்புடணும், சூப்பர்வைசரு ஒருத்தரு வந்தாலே ரெண்டு மூணு மண்டை இடிக்கும், இன்னிக்கு மூணு பேரா சேந்து வந்துட்டீங்களே!"