மிலானில் ஒட்டிய அம்பு

நான்காவது ஸ்டிக்கரை ஒட்டிய பிறகுதான், தான் நிற்பது ஆம்பூர் ஃபேக்டரி இல்லை, இத்தாலியில் மிலான் நகரத்து ஷூ கடை என்பது சோபனாவுக்கு உறைத்தது.

பதினாறு வருஷமாக ஷூவில் குறை தேடுவதுதான் அவள் வேலை. தையல் பிசகியிருந்தாலோ தோல் சுருங்கியிருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சரக்கு திரும்பிப் போய்விடும். முதலாளி நிசார் அஹமது அவளை இங்கே கூட்டி வந்ததே அந்தக் கண்ணுக்காகத்தான். நாளைக்குப் புது ஆர்டர் பேசவேண்டும். அது கைவிட்டுப் போனால் ஃபேக்டரியில் ஒரு லைன் ஆட்கள் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

காலையிலிருந்து அவள் மிலானைப் பார்த்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். ஹாரன் அடிக்காத டிராம், ஸ்வெட்டர் போட்ட நாய், உரசி உட்கார்ந்தும் முகம் பார்க்காத ஜனம் எல்லாம் கண்ணில் பட்டன. மனதில் நின்றவை ஷூக்கள் மட்டும். கடைக்குள் நுழைந்ததும் கை தானாக ஸ்டிக்கர் பைக்குள் போய்விட்டது. ஒரே ஷூவில் நாலு அம்பு.

சிவப்பு அம்பைப் பார்த்த இரண்டு பெண்கள், தள்ளுபடி என்று நினைத்து ஓடிவந்தார்கள். பின்னாலேயே ஐந்து பேர்.

சோபனா பதறிப்போய் ஸ்டிக்கரை உரித்தாள். ஸ்டிக்கரோடு பளபளப்பும் உரிந்தது. ஊரில் செய்வதுபோல் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ஷூவில் தேமல் விழுந்தது.

"சார்!"

பெல்ட் பார்த்துக்கொண்டிருந்த நிசார் அஹமது, இரண்டு அலமாரி தள்ளிப் போய் முதுகைக் காட்டினார்.

"சார், நான்தான் சார்!"

"தெரியுது. அதான் திரும்பல."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், இவர்கள் பேச்சைக் கேட்டு மாப்பை வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, பொலிசைக் கூப்பிடப் போறாராம். கடையின்ர மானம் போயிட்டுதாம்."

சோபனாவுக்குக் காதெல்லாம் சுட்டது. ஏழு ஜோடிக் கண்கள். தரை பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தாள்.

"மன்னிச்சுக்கச் சொல்லுங்கண்ணா. பதினாறு வருஷப் பழக்கம், கை நிக்கல."

போலீஸ் என்றதும் நிசார் அஹமதுவுக்கு ஞாபகம் திரும்பியது. வந்தார். ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். தோல் மண்டியில் வளர்ந்தவர். எதிராளி சரக்கில் ஒரு குறை கிடைத்துவிட்டால் அவர் குரல் தானாக ஏறும்.

"இன்னாத்துக்கும்மா மன்னிப்பு? தையல் கோணை. தோல் சுருக்கம். இந்த ஆளுதான் நம்மகிட்ட கேக்கணும்!"

"வேணாம் சார், பேஜாராயிடும். போய்டலாம் சார்."

"நீ சும்மா இரு. நாளைக்கு இவனுங்க நம்ம சரக்குல நொட்டை சொல்லுவானுங்க. இன்னிக்கு நம்ம முறை." யாழ்ப்பாணத்துக்காரர் பக்கம் திரும்பினார். "கேளுங்க தம்பி, இந்தக் குப்பைய பாஸ் பண்ணது யாரு? நம்ம ஃபேக்டரியா இருந்தா, வேலைய விட்டுத் தூக்கிட்டுத்தான் டீ குடிப்பேன்!"

மேனேஜர் அம்பு காட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார். சோபனாவிடம் தலை குனிந்து ஏதோ சொன்னார்.

"உங்கட கண் பெரிய கண்ணாம் அக்கா. மன்னிக்கட்டாம்."

அன்று முதல்முறையாகச் சோபனா நிமிர்ந்து மனிதர்களின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகங்களாகத்தான் இருந்தன.

மேனேஜர் ஷூவுக்குள் விரலை விட்டு, பாதம் படும் அட்டையைத் தூக்கிக் காட்டி, ஷூவை யாழ்ப்பாணத்துக்காரரிடம் நீட்டினார்.

"சாயமும் அடியும் மட்டும்தான் இஞ்சத்த வேலையாம். மேல்தோல் எங்கயோ வெளியில தைச்சு வாறதாம். பாஸ் பண்ணின ஆள் உள்ளுக்க கையெழுத்துப் போட்டிருக்காம், ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியேல்லையாம்." அவர் ஷூவைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. "ஐயோ, தமிழ் அக்கா! சோ... ப... னா. உங்கட ஊர்ப்பக்கமோ, ஆளைத் தெரியுமே?"