ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்ற கிளட்ச்

கார் ஓட்டத் தெரியாமலேயே கலிபோர்னியாவின் சன்னிவேல் முழுக்கக் காரைப் பற்றிப் பாடம் எடுத்தவன் கிளட்ச் ஒருவன்தான். நானும் அவனும் ஒரே ஆபீஸ், ஒரே அபார்ட்மென்ட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. என் ஆட்டோமேட்டிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் இல்லாத கிளட்சை இடது காலால் மிதிப்பான். மிதித்ததில் தரை மேட்டே கிழிந்துவிட்டது. பெயரும் அப்படி வந்ததுதான்.

“என் கார்லயே டெஸ்ட் குடுடா” என்றேன்.

“ஆட்டோமேட்டிக்ல குடுத்தா ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான்டா தருவான். அது பாதி லைசென்ஸ்.”

என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

“கார்டுல போடமாட்டான். கம்ப்யூட்டர்ல இருக்கும்” என்றான் பரிதாபமாக.

எங்கள் ஆபீஸிலேயே மேனுவல் கார் வைத்திருந்தது நித்யா மட்டும்தான். பழைய சிவப்பு வண்டி. அதில் ஒருநாள் ஏறிவிட வேண்டும் என்பதற்காக, நன்றாக ஓடிய என் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு லிஃப்ட் கேட்டிருக்கிறேன். “ஆபீஸ் ஷட்டில் பஸ் இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவன் லன்ச்சில் பாதி லைசென்ஸ் சோகத்தை எடுத்துவிட்டான். அவ்வளவுதான்.

“அச்சச்சோ, என் வண்டில ப்ராக்டிஸ் பண்ணுங்க. சாட்டர்டே ஃப்ரீதான்” என்றாள். எனக்கு சாம்பார் சாதம் உள்ளே இறங்கவில்லை.

முதல் சனிக்கிழமை, பாதுகாப்புக்கு என்று சொல்லி நானும் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன். ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டி குதித்தது, இருமியது, நின்றது.

“பின்னாடி வெயிட் ஜாஸ்திடா. இறங்கிக்கோ” என்றான் கிளட்ச்.

இறங்கி ஒரு மரத்தடியில் நின்றேன். வண்டி ஒவ்வொரு முறை நின்றபோதும் உள்ளே சிரிப்பு கேட்டது. என் கார் ஒருநாளும் நின்றதில்லை. அதற்காக யார் சிரித்தார்கள்?

முதல் டெஸ்ட்டில் ஃபெயில். அழுதுகொண்டு வருவான் என்று ஆசையாகக் காத்திருந்தேன். மைசூர்பாகோடு வந்தான்.

“இன்னும் நல்லா ப்ராக்டிஸ் பண்ணணுமாம்டா.”

ஒருவழியாகப் பாஸ் செய்தான். அவனுடைய கார்டு தபாலில் வந்ததும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே லைசென்ஸ்தான் என்று விசாரித்தும் வைத்திருந்தேன்.

“நல்லா ஏமாந்தியா?” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

“தெரியும்டா. லேர்னர்ஸ் பெர்மிட் வாங்கின அன்னைக்கே கவுன்ட்டர்ல கேட்டுட்டேன்.”

“அப்புறம் எதுக்குடா இந்தக் கூத்து?”

“ஆட்டோமேட்டிக்னா உன் கார்லதானே பழகியிருக்கணும்?”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல் அவர்கள் கல்யாணப் பந்தி வரைக்கும் தணியவில்லை.

அவர்கள் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சான் ரமோனுக்குக் குடிபோன அன்று, அவன் பெட்டிகளை நான்தான் சிவப்பு வண்டியில் ஏற்றினேன். “சண்டே சாப்பிட வந்துடு, என்ன” என்றான். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பி, தெருமுனையில் திரும்பியது. இத்தனை நாளும் என் பொறாமையெல்லாம் கிளட்ச் மேல்தான் இருந்தது. காலியான அவன் அறையைப் பார்த்தபோது, அது நித்யாவின் மேல் வந்தது.