மரக்காணத்தில் பெய்த பனி

போர்கள் ஏன் மூளுகின்றன என்று பேராசிரியர்கள் தலையணை தடிமனில் புத்தகம் எழுதுகிறார்கள். எழுதட்டும். திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பிப் போய், ஒரு போரைத் தொடங்கி, நடத்தி, ஜெயித்து, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பி வாழைக்காய் பஜ்ஜி தின்ற ஒரே மனிதர் இந்த உலகத்தில் குளோசப் அண்ணன்தான்.

குளோசப் என்பது ஊர் வைத்த பெயர். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். தொழில், கல்யாண வீடியோ. எதையும் முகத்தில் மோதுகிற தூரத்தில் போய்த்தான் எடுப்பார். அவர் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் மூக்கு வரும், மூக்குத்தி வரும், அப்பளம் நொறுங்குகிற வாய் வரும். மாப்பிள்ளை யார் என்பது கடைசிவரை தெரியாது. என் அக்காள் கல்யாண வீடியோவில் என் பங்குக்கு ஒரு காதுதான் இருக்கிறது. அதுவும் என் காதுதானா என்பதில் வீட்டில் இன்னும் தகராறு.

சாவு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். ஒருமுறை பிணத்தின் மேல் விழுந்து அழுத ஓர் அம்மாளைத் தட்டி எழுப்பினார்.

“அழுவுறது நல்லா வந்துச்சி சித்தி. ஆனா லைட்டுக்கு முதுகு காட்டிட்டீங்க. இப்டிக்கா திரும்பி இன்னொரு தபா விழுங்க.”

அந்த அம்மாளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரும்பி, விழுந்தார். கேமராவுக்கு முன்னால் நம் ஜனங்கள் எதையும் செய்வார்கள்.

ஒரு ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து எல்லையில் சண்டை மூண்டது. செய்தி வாசிப்பவர்கள் சைரன் ஒலியோடு வீட்டுக்குள் வந்தார்கள். தெருவில் சாக்கடை அடைத்துக் கிடந்தபோது வாயைத் திறக்காத பெரிய மனிதர்களெல்லாம், பீரங்கியை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து தளபதிக்கு யோசனை சொன்னார்கள்.

விழுப்புரத்துத் தியேட்டர் ஒன்றில் பழைய போர்ப்படத்தைத் தூசி தட்டிப் போட்டார்கள். நானும் அண்ணனும் போனோம். நம் வீரன் தனியாளாக ஒரு பட்டாளத்தையே சாய்த்தான். துப்பாக்கியில் குண்டு தீரவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் நாற்காலிமேல் ஏறி எதிரியின் மேல் தண்ணீர் பாட்டிலை வீசினார். அது முன்வரிசையில் இருந்த நம் நாட்டுக்காரர் மண்டையில் விழுந்தது. அவர் மண்டையைத் தேய்த்துக்கொண்டே ஜே போட்டார்.

வெளியே வந்தபோது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

“தம்பி, நாட்டுக்கு நாம ஏதாச்சும் செய்யணும்பா.”

“முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில ரத்தம் குடுங்கண்ணே.”

“ஊசின்னா எனக்கு பேஜாருப்பா. நான் படம் எடுக்குறேன்.”

எடுத்தார். இமயமலைக்குப் போக வசதியில்லை. மரக்காணத்துக்கு டவுன் பஸ் இருந்தது. உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு, வெயிலில் பளபளவென்று சிகரம் சிகரமாய் நின்றது. நம் ராணுவத்துக்கு, ஏ.டி.எம். வாசலில் நிற்கும் காவலாளிகளின் உடுப்பு. வீரர்கள் அனைவரும் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள். எதிரித் தளபதி வேடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை. அவனிடம் தாடி இருந்தது என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் கிடையாது. அந்தத் தாடியும், பெண் அமைந்தால் இறக்குகிறேன் என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்தது. பிரம்மதேசத்தில் பெண் அமைந்தும்விட்டது. ஆடி கழிந்ததும் நிச்சயம், பிறகு மொட்டை, பிறகு கல்யாணம். பையன் வானத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

மண்டையைப் பிளக்கிற வெயிலில் அவனுக்குக் கம்பளிச் சட்டை மாட்டினார் அண்ணன்.

“நடுங்குடா! பனிடா!”

“கால் வேவுதுண்ணே!”

“அதத்தான் நடுக்கமா காட்டு. ஜல்தி!”

படத்தின் உச்சகட்டத்தில், கும்பிட்டுக்கொண்டிருக்கும் நம் வீரனை எதிரி முதுகில் சுட்டுவிட்டு, “உங்க ஊரையே காலி பண்ணிக்கினு போய்டுவேன்டா!” என்று சிரிக்கிறான். எதிரி நாட்டுத் தளபதி எப்படி நம் பக்கத்து அனந்தபுரம் தமிழ் பேசுகிறான் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கல்யாண வீடியோ ஒட்டித்தான் பழக்கம். ஆகவே வீரன் உயிர்விடும்போது வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்டியது, கெட்டிமேளம் முழங்கியது.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் அழுதது. யாரோ ஒரு புண்ணியவான் முதலில் வரும் பெயர்களை வெட்டிவிட்டு, “எல்லையில் நேற்று எடுத்த உண்மைக் காட்சி, இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். என் ஆபீஸில் மூன்று பட்டம் வாங்கிய மேலாளர் கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். அந்த உப்பளத்திலேயே வேலை பார்க்கிற ஒருவர் எனக்கு அதை அனுப்பி, “இன்னா பனி பாரு சார், பாவம் நம்ம பசங்க” என்று குரல் பதிவும் போட்டிருந்தார். பிரசாரப் படம் எடுக்கும் பெரிய புள்ளிகள் ஹெலிகாப்டர் கேட்கிறார்கள், கோடி கேட்கிறார்கள். எல்லாம் தண்டச் செலவு. பார்க்கிறவனுக்கு நம்ப ஆசை இருந்தால் உப்பு போதும்.

எதிரி எட்டாத தூரத்தில் இருந்தான். ஏழுமலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அவன் ஆட்டோவில் யாரும் ஏறவில்லை. டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனே, “உன் மூஞ்சில எப்பவும் ஒரு மாதிரி களை இருக்கும்டா” என்றான். கடைசியில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். நிலபுலன் உள்ளவர், விவரமானவர்.

“படம்னு எனக்குத் தெரியாதா ஏழுமலை? தெரியும். ஆனா கும்புட்டவன முதுவுல சுட்டியே, அது கண்ணுலயே நிக்குது. மனசு ஒப்பலப்பா.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று ஏழுமலை ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து, யாரும் லைட் பிடிக்காமல், யாரும் இன்னொரு தபா கேட்காமல் அழுதான். அண்ணன் அவன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

மறுநாளே பரிகாரப் படம் ஒன்று எடுத்து அனுப்பினார். செத்த வீரனும் சுட்ட எதிரியும் உப்புக் குவியல் நிழலில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் தின்னும் படம். உண்மையான படம் என்பதால் அதை ஒருவரும் சீந்தவில்லை. பார்த்த நாலு பேரும் “இது எதிரி பரப்பும் பொய்” என்று முடிவுகட்டி, ஸ்டுடியோ பலகையில் சாணி அடித்தார்கள். பொய்யை வீடுவீடாகக் கொண்டுசேர்த்த ஊருக்கு உண்மையைத் தூக்கத்தான் கை வலித்தது.

ஒரு சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே நாலைந்து தேசபக்தர்கள் ஏழுமலையின் ஆட்டோவை மறித்தார்கள். ஜே சொல்லச் சொன்னார்கள். சொன்னான். சத்தம் பத்தவில்லை என்று சட்டையைப் பிடித்தார்கள். டீக்கடையில் நின்றிருந்த அண்ணன், அந்த ஒட்டடைக்குச்சி உடம்பை வைத்துக்கொண்டு நடுவில் புகுந்தார்.

“அவன சுடச் சொன்னது நானு. சிரிக்கச் சொன்னதும் நானு. அவனுக்கு சிரிப்பே வர்ல, திட்டித் திட்டி சிரிக்க வச்சேன். அடிக்கிறதுன்னா என்னிய அடிங்கடா.”

அடித்தார்கள். ஏமாற்றவில்லை. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. சுற்றி நின்ற மகாஜனங்கள் விலக்கிவிடவா செய்வார்கள்? போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஏழுமலைதான் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போகிற வழியெல்லாம் “அண்ணே, பேசுண்ணே” என்று கத்திக்கொண்டே ஓட்டினானாம்.

அந்த வீடியோவும் ஊர் சுற்றியது, “ஒற்றன் பிடிபட்டான்” என்ற தலைப்போடு. பிரம்மதேசத்துக்கும் போனது. பெண் அதைத் தாய்மாமன் முன்னால் வைத்தாள்.

“மாமா, அடிச்சவன் எல்லாம் நம்ம ஆளு, தூக்கினு போறவரு எதிரியா? நல்லா பாத்துட்டு சொல்லுங்க.”

மாமன் பார்த்தார். நல்லாவே பார்த்திருக்க வேண்டும். தை மாதம் மயிலத்தில் மொட்டைத் தலையோடு ஏழுமலை தாலி கட்டினான். இப்போது அவன் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறார்கள், காற்றைப் பிடுங்கியவர்கள் உட்பட. கேட்டால், “நாங்க அப்பவே நம்பல” என்கிறார்கள்.

நான் விழுப்புரத்துக்கு மாறி வந்துவிட்டேன். குளோசப் அண்ணன் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. வைத்துக்கொள்ளும்படி அவர் எதையும் எடுத்ததும் இல்லை. ஆனால் அந்தப் பாலத்தடி வீடியோ என் போனில் இருக்கிறது. கை ஆட்டம், பாதியை எவனுடைய முழங்கையோ மறைக்கிறது, அடி வாங்கிக்கொண்டு நிற்கிற அண்ணன் ஓரத்தில் மங்கலாகத்தான் தெரிகிறார். இடம் போதவில்லை என்று போன் கெஞ்சும்போதெல்லாம் வேறு எதையாவது அழிக்கிறேன். அதில் கை வைக்க மனசு வரவில்லை.