வெரிக்காரர் சொன்ன நிஜம்

பழவேற்காடு ஏரிக்கரையில் வெரிக்காரரைப் போல அளந்துவிடுகிற ஆள் இன்னொருவர் பிறக்கவில்லை. அப்படிப்பட்டவர் சத்தியமாகச் சொன்ன ஒன்றைப் பொய் என்று ஊரை நம்பவைத்தவன் நான்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கொஞ்ச நாள் கூலி வேலை பார்த்தபோது ‘வெரி’ என்ற இங்கிலீஷ் சொல் அவரைத் தொற்றிக்கொண்டது. டீ ‘வெரி சூடு’. இறால் ‘வெரி வெரி பெருசு’. ஊர் வாட்ஸ்அப் குழுவில் விடியுமுன்பே அவர் குரல் அலறும்: “வெரி மழை வருதுப்பா!” வானத்தில் பொட்டு மேகம் இருக்காது.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஒருநாள் டீக்கடையில் என்னை மடக்கினார்.

“சார், வெரின்னா இன்னா சார்?”

“ரொம்பன்னு அர்த்தம். ஆனா பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தப்போ ‘நிஜமான’ன்னுதான் அர்த்தம். ஜனங்க எல்லாத்துக்கும் சேர்த்துச் சேர்த்து, ‘நிஜம்’ தேஞ்சு ‘ரொம்ப’ ஆயிடுச்சு.”

அவர் முகம் வெளிறியது. “அப்ப டீக்கெல்லாமா சத்தியம் பண்ணினு இருந்தேன்?”

அன்றிலிருந்து அந்தச் சொல்லில் கஞ்சனாகிவிட்டார். கடைக்காரர் பதறினார்: “இன்னா நைனா, டீ நல்லால்லியா?”

ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடலாம் என்பதை எங்கள் ஊரில் முறை வைத்துப் பிரிப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் சொந்தப் பாடு பறிபோகும். பொய்ப் புகார் சொன்னாலும் அதே தண்டனைதான். என் அண்ணன் மகன் வெரிக்காரர் பாட்டில் வலை போட்டான். கரையிலிருந்து நானே பார்த்தேன்.

ஊர்க் கூட்டத்தில் அவன் இல்லவே இல்லை என்று சாதித்ததும் வெரிக்காரர் எழுந்தார். “நான் சொல்றது வெரி! அதுக்கு இன்னா அர்த்தம்னு சாரைக் கேளுங்க!”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இவருக்கு டீகூட வெரிதானே,” என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவருக்குப் பாடு இல்லை. மனைவியோடு மார்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தார்.

பார்க்கச் சகிக்காமல், பருவம் முடிந்து கூடிய கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். பாடு அவரிடம் திரும்பியது. அண்ணன் வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது. படகுத்துறையில் வெரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“உடுங்க சார். வெயில்ல நிக்காதீங்க.”

அவ்வளவுதான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இப்போது யாரிடமும் அளந்துவிடுவதில்லை; அளந்துதான் பேசுகிறார்.

ஊரே கேட்க என்னைக் கிழி கிழியென்று கிழித்திருக்கலாம். அவர் வாயால் அதைக் கேட்டிருந்தால்கூட இனித்திருக்கும்.