தலைக்குக் கலந்து வைத்த தண்ணீர்

பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் எதை எதையோ விசாரிப்பார்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, மாமியார் எப்படி, சொந்த வீடா வாடகை வீடா என்றெல்லாம் கேட்பார்கள். குளிக்கிற தண்ணீர் எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திமிரிப் பக்கம். எங்கள் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சமாகச் சீயக்காய் போட்டாலே எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். என் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்கள் என் முதுகைத்தான் காட்டுகின்றன. (ஜடைக்காக. முகத்தில் குறை ஒன்றும் இல்லை.)

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தேன். புதிதாகக் கட்டிய வீடு, பாத்ரூமில் ஷவர். வாளியும் மக்குமாக வளர்ந்தவள், முதல் நாள் அதன் கீழே மகாராணி மாதிரி நின்றேன். ஷாம்பு போட்டேன். நுரை வரவில்லை. இன்னும் போட்டேன். தலை பிசுபிசுத்ததே தவிர நுரைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் ஷவரின் பாதி ஓட்டைகளை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. மீதி ஓட்டைகளில் வந்த தண்ணீரில் ஒரு தாரை என் காதில் அடித்தது, இன்னொன்று சுவரில் அடித்தது. ஊக்கால் குத்திவிட்டேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அடைத்துக்கொண்டது.

ஆறு மாதத்தில் என் முடி தேங்காய் நார் ஆகிவிட்டது. சீப்பு உள்ளே போகும், வெளியே வராது. எண்ணெய் வைத்தால் குடித்துவிட்டு, வைத்த அடையாளமே இல்லாமல் நிற்கும். என் நாத்தனார் சுமதி தங்கமான பெண். ஆனால் அவளும் ஒரு நாள், "அண்ணி, பின்னாடி இருந்து பாத்தா யாரோ உங்கள பயமுறுத்திட்ட மாதிரியே இருக்குது" என்றாள்.

என் கணவர் முரளிக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில் வேலை. அவரிடம் புலம்பினேன்.

"போர் தண்ணி இல்ல? சுண்ணாம்பு ஜாஸ்தி. முடி மேல படியும், காய்ஞ்சிடும்" என்றார் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"சுண்ணாம்பு பட்டா முடிக்கு இன்னா ஆவும்?"

"எங்க ஷாப்ல தோல்ல இருக்கிற முடிய எடுக்கறதே சுண்ணாம்புல ஊறப்போட்டுத்தான். அப்படியே வழிச்சி எடுத்துடலாம்."

புதுப் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அன்றைக்கெல்லாம் தலையில் கை வைக்கவே பயமாக இருந்தது.

பிறகு ஆன்லைனில் ஷவர் ஃபில்டர் ஒன்றை வரவழைத்தேன். விளம்பரத்தில் ஒரு பெண் தலையை ஆட்ட, முடி பட்டுத்துணி மாதிரி அலைந்தது. நானும் மாட்டிக் குளித்துவிட்டுத் தலையை ஆட்டினேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஷவரில் தண்ணீர் மெதுவாக வந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"அது குப்பைய வடிகட்டும், கரைஞ்சிருக்கிற சுண்ணாம்ப எப்படி எடுக்கும்? அதுக்கு சாஃப்ட்னர் மெஷின் வெக்கணும். அதுல உப்பு கொட்டிக்கினே இருக்கணும்" என்றார் முரளி.

"உப்புத் தண்ணிய சரிபண்ண உப்பா? என்ன பாத்தா பைத்தியம் மாதிரி தெரியுதா?"

அவர் என் தலையைப் பார்த்தார். (அவர் சொன்னது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த மெஷின் அப்படித்தான் வேலை செய்கிறது.)

ஆனால் அவர் வாயிலிருந்து இன்னொன்றும் வந்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலை லேசான ஆசிட்டில் அலசித்தான் சுண்ணாம்பை வெளியே எடுப்பார்களாம். அதே வாரம் ஒரு வீடியோவில் ஒரு அம்மாள், ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து கடைசியாகத் தலையை அலசச் சொன்னாள். எனக்குள் மணி அடித்தது. வினிகரும் ஆசிட்தானே! தோலுக்குச் செய்வதைத் தலைக்குச் செய்ய வேண்டியதுதான். என் நிலைமைக்கு ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று, வெள்ளை வினிகர் முழு பாட்டிலாகவே வாங்கி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுமதியைப் பெண் பார்க்கப் பேரணாம்பட்டிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் பிரகாஷ், ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. சுமதியும் அவரும் போனில் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்ததால், இதாவது அமைய வேண்டுமே என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வருகிறவர்கள் முன்னால் இந்தத் தலையோடு நிற்கக்கூடாது என்று காலையிலேயே எழுந்தேன். குடிக்கிற கேன் தண்ணீரை எவர்சில்வர் குண்டானில் நிறையப் பிடித்து, பாட்டில் வினிகரை அப்படியே கவிழ்த்தேன். குளித்து முடித்ததும் கடைசியாக ஊற்றிக்கொள்ளலாம் என்று தட்டுப் போட்டு மூடி அடுப்பு மேடையில் வைத்தேன்.

அதற்குள் போன் வந்தது. முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டதாம், கிளம்பிவிட்டார்களாம். வீடு அல்லோலகல்லோலப்பட்டது. நான் அவசர அவசரமாகப் போர் தண்ணீரிலேயே குளித்து, புடவையைச் சுற்றிக்கொண்டு சுமதிக்குப் பூ வைக்க ஓடினேன். குண்டானை மறந்தே போனேன். என் தலை வழக்கத்தைவிட அதிகமாகவே விரித்துக்கொண்டு நின்றது.

வந்தவர்கள் மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. உட்கார வைத்தோம். சமையலறையிலிருந்து என் மாமியார் குரல் கேட்டது. "பரவால்லயே! டீக்கு கேன் தண்ணி கூட புடிச்சி மூடி வெச்சிருக்கா என் மருமவ!"

என் காதில் விழுந்தது. மாமியார் வாயால் கேட்ட முதல் பாராட்டு அதுதான். எதற்காகப் பாராட்டுகிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை, சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கொதித்த டீத்தண்ணீரில் பாலை ஊற்றியதும் திரிந்துவிட்டது. "பாக்கெட் பழசு" என்று மாமியார் கொட்டிவிட்டு வேறு பாக்கெட்டைப் பிரித்தார். அதுவும் திரிந்தது. முரளி கடைக்கு ஓடி, கடைக்காரரிடம் சண்டை போட்டுப் புதுப் பாக்கெட்டுகள் வாங்கி வந்தார். மூன்றாவது தடவையும் பால் கட்டி கட்டியாகப் பிரிந்து நின்றது. மாமியாருக்கு ஜலதோஷம், வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. தோல் ஷாப் காற்றுக்குப் பழகிய எங்கள் மூக்குகளுக்குச் சின்ன வாசனையெல்லாம் எட்டாது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாடி இது, மூணாவது வாட்டியும் திரிஞ்சிபோச்சி!" என்று மாமியார் பதறியது கூடம் வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. கணவர் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல மூணு வாட்டி பால் திரியுதுங்க. எனக்கு மனசு ஒப்பல. கெளம்பலாம்."

பிரகாஷ், "அம்மா, பாலு கெட்டிருக்கும்மா" என்றார். அந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சுமதியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

நான் சமையலறைக்குள் ஓடினேன். மேடையில் பாதி காலியான குண்டான், பக்கத்தில் நான் மூடிய தட்டு. ஓடி மறைந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுமதி அழுதுகொண்டிருந்தாள். நேராகக் கூடத்தில் போய் நின்றேன்.

"அம்மா, சகுனம்லாம் ஒண்ணும் இல்லமா. அது என் தலைக்கு வெச்ச தண்ணிமா."

அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னாது? தலைக்கு ஊத்தின தண்ணியிலயா எங்களுக்கு டீ போட்டீங்க?"

"ஊத்தலமா! ஊத்தறதுக்கு வெச்சிருந்தது!"

முரளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வினிகர் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டி, போர் தண்ணீர், சுண்ணாம்பு, ஷவர், தோல் ஷாப், வீடியோ என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தாட்சிக்கு என் பின்னலையும் முன்னால் எடுத்துப் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பை அடக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வேற தண்ணி வெச்சி என் கண்ணு முன்னால பால காய்ச்சு" என்றார்.

எல்லாரும் சமையலறைக்கு வந்துவிட்டோம், மாப்பிள்ளை உட்பட. கேனிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் பாலில் விட்டு, அடுப்பில் வைத்தேன். அத்தனை பேரும் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் சூடானது, திரியவில்லை. ஓரத்தில் நுரை கட்டியது, அப்போதும் திரியவில்லை. திரியுமா திரியாதா என்று பார்த்த கவனத்தில் அடுப்பை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

"பொங்கிடுச்சி!" என்று கத்தியவர் மாப்பிள்ளையின் அம்மாதான். முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல சகுனம்! பொண்ண கூப்புடுங்க."

டீ குடித்தபிறகு அவர் என்னைத் தனியாக அழைத்தார். தன் கொண்டையை அவிழ்த்துக் காட்டினார். அது என்னுடையதைவிட மோசம்.

"எங்க தண்ணியும் இதே பேஜாருதாம்மா. அந்தக் குண்டான்ல மீதி இருக்குதா?"

சுமதிக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. நான் முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டேன். கடைசி மக் மட்டும் கேன் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் வினிகர். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சீப்பு போனால் திரும்பி வருகிறது.

எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிரகாஷ் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உடனே குடிக்க மாட்டார். "அக்கா, கொஞ்சம் திரும்புங்க" என்பார். என் முடியைப் பார்ப்பார். பளபளவென்று இருந்தால் குடிப்பார். காய்ந்து கிடந்தால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்:

"தலைக்கு ஊத்தலன்னா, அந்த வினிகர் தண்ணி இன்னும் சமையல்கட்டுலதான் இருக்குதுன்னு அர்த்தம்."